வியூஃபைண்டரில் இல்லாத கை நெகட்டிவில் எப்படி வந்தது? (வடசென்னை பிலிம் ஆட்களே, உங்கள் கதையும் சொல்லுங்க)

கல்மண்டபம்_36

காசிமேடு, ஞாயிற்றுக்கிழமை, ஏல நேரம். பென்டாக்ஸ் கே1000 கேமரா, 50 எம்எம் எஃப்/2 லென்ஸ், உள்ளே ஹெச்பி5 கறுப்பு வெள்ளை பிலிம். அந்தக் கூட்டமும் காலடியில் ஓடும் ஐஸ் தண்ணியும் உங்களுக்கே தெரியும். ஒரு அக்கா வஞ்சிரத்தை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். வெளிச்ச மீட்டரின் முள் நடுவில் நின்றது, அழுத்தினேன். கேமராவுக்குள் கண்ணாடி மேலே போய், கண் வைத்துப் பார்க்கும் ஃபைண்டரில் இருட்டு. வெளிச்சம் திரும்பியபோது மீன் கூடைக்குள் போயிருந்தது.

அது இல்லை விஷயம். ஸ்கேன் வந்ததும் பார்க்கிறேன், இடது ஓரத்தில் ஒரு உள்ளங்கை. ஐந்து விரலும் விரிந்து, என் பக்கம் நீட்டியபடி. முகம் இல்லை. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு மட்டும். சத்தியமாக ஃபைண்டரில் அந்தக் கை இல்லை. பிலிமில் விழுவதில் சுமார் 91 சதவீதத்தைத்தான் கே1000 காட்டும் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். யாரோ ஒருவர் "எடுக்காதே" என்று கை காட்டியிருக்கிறார், நான் பாட்டுக்கு எடுத்திருக்கிறேன். இரண்டு வருடமாக உறுத்துகிறது. இப்படி வேறு யாருக்காவது?

தேரடி_ஜன்னல்

ஃபைண்டர் வழியாக எல்லாம் தெரிந்தும் ஏமாந்தவன் நான். கேனனெட் கியூஎல்17, 40 எம்எம் எஃப்/1.7. ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, லென்ஸ் வழியாக இல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்ப்பது. அதில் பட எல்லையைக் காட்டும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நடப்பதும் தெரியும். உங்கள் ஆளின் கை உள்ளே நுழைவதற்கு முன்பே பார்த்திருக்கலாம்.

திருவொற்றியூர் மாசித் திருவிழா, தேர் அன்று. மெர்க்குரி பேட்டரி இப்போது கிடைப்பதில்லை என்பதால் மீட்டரை மறந்துவிட்டு எல்லாம் கணக்குப் போட்டு மேனுவலில் எடுக்கிறேன். ஆட்டோவில் இருந்திருந்தால் இருட்டென்று ஷட்டரே பூட்டிக்கொண்டிருக்கும், அதுதான் கொடுமை. ஃபைண்டரில் வெயில், வடம், ஜனம், எல்லாம் பளிச். இருபத்திரண்டாவது ஃப்ரேமில் சுண்டல் விற்கிற பையன் என் சட்டையை இழுத்தான். "அண்ணா, முன்னாடி மூடி போட்டுக்கீது."

கழற்றி நிமிர்வதற்குள் தேர் முனை திரும்பிவிட்டது. சுண்டல் வாங்கித் தின்றேன், வேறென்ன செய்ய.

பழைய_வண்ணை

தேரடி, ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் எல்லாம் தெரியும் என்று அடித்து விடாதீங்க. தெரியும், ஆனால் தெரிவது நிஜமா என்பது வேறு.

என்னிடம் அப்பாவின் யாஷிகா எலக்ட்ரோ 35. விடியற்காலை, குப்பத்தில் ஒரு பெரியவர் சின்னக் கண் வலையை மடியில் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் போதவில்லை, லென்ஸ் துவாரத்தை எஃப்/1.7க்கு முழுசாகத் திறந்துவிட்டேன். நடுவில் இருக்கும் மஞ்சள் கட்டத்தில் இரண்டு பிம்பமும் ஒன்று சேர வேண்டும், அவ்வளவுதானே? சேர்ந்தது. முடிச்சின் மேல் முடிச்சு, கச்சிதமாக. பிரிண்ட் பார்த்தால் பெரியவர் மொத்தமும் கலங்கல். பின்னால் சுவரில் எழுதியிருந்த கட்சிச் சின்னம் மட்டும் கத்தி மாதிரி துல்லியம்.

வலையில் எல்லாக் கண்ணும் ஒரே மாதிரிதானே இருக்கும்! ஒரு கண்ணின் பிம்பம் பக்கத்துக் கண்ணின் மேல் உட்கார்ந்துவிட்டது. இரண்டு மீட்டர் தூரத்தில் 45 எம்எம் எஃப்/1.7க்குத் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் இருபது சென்டிமீட்டர். அவர் காதைப் பார்த்து ஃபோகஸ் பண்ணியிருந்தால் தப்பித்திருப்பேன். படத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவர் பார்த்துவிட்டு, "சின்னம் நல்லா வந்துக்குது, அவங்க ஆபீஸ்ல குடு" என்றார்.

பிராட்வே_பழசு

தம்பிகளா, மூன்று பேருமே ஃபைண்டரைத் திட்டுகிறீர்கள். தப்பு லென்ஸ் தேர்வில் இருக்கிறது. கல்மண்டபம் தம்பிக்கு முதலில் சொல்கிறேன். நம்ம பக்கத்துச் சந்துகளுக்கு 50 எம்எம் ஆகாது. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் 35 எம்எம்மில் அகலவாட்டில் இரண்டு மீட்டர் விழும். 50இல் ஒன்றரை மீட்டர்கூட வராது, அதற்காகப் பின்னால் போனால் முதுகில் சுவர் இடிக்கும். 35ஐ எஃப்/8இல் வைத்து மூன்று மீட்டரில் நிறுத்திவிட்டால் இரண்டிலிருந்து ஏழு மீட்டர் வரை எல்லாம் தெளிவு, ஃபைண்டரே தேவையில்லை. அதே கணக்கில் 50 கொடுப்பது இரண்டே காலிலிருந்து நாலு மீட்டர் சொச்சம்தான்.

எஃப்/1.4 வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எஃப்/1.8க்கும் அதற்கும் முக்கால் ஸ்டாப்புகூட (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) வித்தியாசமில்லை. கே1000 மாதிரி லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆரில் ஃபைண்டர் கொஞ்சம் வெளிச்சமாகத் தெரியும், ஃபோகஸ் சுலபம், அதுதான் லாபம். லென்ஸ் எஃப்/5.6க்கு மேல் மந்தமாகப் போனால் ஃபோகஸ் பார்ப்பதற்கு நடுவிலுள்ள ஸ்ப்ளிட் வட்டத்தில் பாதி கறுத்துவிடும். ஓரம் முக்கியமென்றால் ஒலிம்பஸ் ஓஎம்-1 பாருங்கள், 97 சதவீதம் காட்டும். நிக்கான் எஃப்எம்2 என்றால் 93. முழு நூறு வேண்டுமானால் 1959இல் வந்த நிக்கான் எஃப். தூக்கிக்கொண்டு நடந்தால் கழுத்து கேட்கும். லைக்கா ஆசை இருந்தால் எம்3யில் 50, 90, 135 எம்எம்முக்குத்தான் எல்லைக் கோடு, 35க்குக் கிடையாது, ஏமாறாதீர்கள். கண்ணாடி போடுகிறவர்கள் வாங்குவதற்கு முன் நாலு மூலையும் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

அப்புறம் பூஞ்சை. கடற்கரையிலிருந்து வந்ததும் லென்ஸை அப்படியே தோல் உறைக்குள் போட்டு மூடாதீர்கள். டப்பர்வேர் டப்பாவில் சிலிகா ஜெல் பை போட்டு வையுங்கள். என் 35க்குள் ஒரு நாள் சிலந்தி வலை மாதிரி பார்த்தேன், வயிறு கலங்கிவிட்டது. என் அனுபவம் அவ்வளவுதான்.

கல்மண்டபம்_36

அண்ணா, எந்த லென்ஸ் வாங்கலாம் என்று நான் கேட்கவே இல்லையே. 35 எம்எம் போட்டிருந்தால் கை மட்டுமில்லை, அந்த ஆளே முழுசாக வந்திருப்பார். இன்னும் மோசம்.

கடலோரம்_7

எங்க அம்மா காசிமேட்டில்தான் மீன் விற்கிறாங்க. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேமராக்காரர்கள் கூட்டமாக வருவார்கள். எத்தனை சதவீதம் தெரியும் என்று இவ்வளவு பேசுகிறீர்களே, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்தால் என்ன? முகத்துக்கு நேராக ஒரு பெட்டியை நீட்டிக்கொண்டு ஒரு கண்ணை மூடினால் யாருக்கும் கோபம்தான் வரும்.

ஒரே ஒருத்தர் வேறு மாதிரி. இரட்டை லென்ஸ் யாஷிகா மேட் கேமராவை வயிற்றோடு வைத்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். என்னமோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்து அம்மாவே கூப்பிட்டு விசாரித்தாங்க. அவர் பெட்டியை அம்மாவிடமே கொடுத்து மேலிருந்து உள்ளே பார்க்கச் சொன்னார். அம்மா முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு உள்ளே பார்த்தாங்க. எதிரே நான் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். "ஐயே, தராசு அந்தாண்ட பக்கம் பூட்ச்சே!" அதில் இடம் வலம் மாறித்தான் தெரியுமாம். என்னைக் கையை ஆட்டச் சொல்லி, மறுபடி ஆட்டச் சொல்லி, ஏலம் முடிந்து பத்துப் பேர் காத்திருக்க, அம்மா நிமிரவே இல்லை.

பிரிண்ட் கொண்டு வருகிறேன் என்று போனவர்தான். மூன்று வருடம் ஆகிறது. குனிந்தபடி யாராவது வந்தால் அம்மா இன்னும் எட்டிப் பார்க்கிறாங்க. அவர் இங்கே இதைப் படித்தால், தயவு செய்து கொண்டு வந்து கொடுத்துவிடுங்கள்.

36, உங்கள் ஸ்கேனை அனுப்புங்க. அம்மாவிடம் காட்டுகிறேன்.

கல்மண்டபம்_36

அனுப்பிவிட்டேன். அந்த இரட்டை லென்ஸ் ஆள் நான் இல்லை. ஆனால் படித்ததும் என் டப்பாவில் கொடுக்காமல் கிடக்கும் பிரிண்டெல்லாம் ஞாபகம் வந்தது.

பழைய_வண்ணை

என் டப்பாவிலும் பதினொன்று.

கடலோரம்_7

காட்டினேன். கறுப்புக் கயிறை வைத்து ஆள் யாரென்று அம்மாவால் சொல்ல முடியவில்லை, அங்கே பாதிப் பேர் கட்டியிருப்பாங்களாம். மீனைத்தான் முதலில் பார்த்தாங்க. "நல்ல வஞ்சிரம், ரெண்டு கிலோ இருக்கும்" என்றாங்க. கையைப் பற்றிக் கேட்டேன். "ஏலத்துல ஐந்நூறுன்னு கேட்டிருப்பான். இல்லாங்காட்டி உன் ஃபிரண்டை நகருன்னு ஏசியிருப்பான். ரெண்டும்தான் நடக்கும்."

வருகிற ஞாயிறு மூணாவது வரிசையில் இருப்போம், 36. பிரிண்ட் போட்டால் கையை வெட்டாமல் போடச் சொன்னாங்க.

பிராட்வே_பழசு

சாதாரணமா லேபில் போட்டால் ஓரத்தை வெட்டிவிடுவார்கள் தம்பி. ஃபுல் ஃப்ரேம், வெள்ளை பார்டரோடு என்று சொல்லிக் கொடுங்கள்.