சோலை ஓரத்து வெள்ளைக் காட்டு ரோஜா: அடையாளமும் வாழிடமும்

கேள்வி:
கொடைக்கானலில் ஒரு சோலைக்காட்டின் ஓரத்தில், மரங்களைப் பற்றி ஏறிப் படர்ந்திருந்த முட்செடி ஒன்றைக் கோடையில் பார்த்தேன். ஐந்து இதழ்கள் கொண்ட பெரிய வெள்ளைப் பூக்கள். நடுவே மஞ்சள் நிற மகரந்தத்தாள்கள் அடர்ந்திருந்தன. ஆங்கிலேயர் நட்ட தோட்ட ரோஜா காட்டுக்குள் பரவியதா, அல்லது இது இந்த மலைக்கே உரியதா? மதுரையில் வளர்க்க முடியுமா?

பதில் 1:
நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ரோசா லெசனோல்டியானா என்னும் காட்டு ரோஜாவாக இருக்கும். நீலகிரி, பழனி மலை உள்ளிட்ட தென் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளுக்கே உரிய இச்செடிக்கு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியில் தங்கித் தாவரங்களைச் சேகரித்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெசனோலின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பூவின் நடுவைக் கூர்ந்து பாருங்கள்: பெரும்பாலான தோட்ட ரோஜாக்களில் தனித்தனியாக இருக்கும் சூல்தண்டுகள் (பூவின் பெண் உறுப்பின் மெல்லிய தண்டுகள்), இதில் ஒன்றாக இணைந்து ஒரே தண்டாக எழுந்து நிற்கும்.

பதில் 2:
மேலே சொன்னது சரியே என்றாலும், அந்த ஓர் அடையாளத்தை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். ஒட்டுக்கட்டும் அடிச்செடியாகப் பயன்படும் மல்டிபுளோரா ரோஜாவிலும் சூல்தண்டுகள் அவ்வாறே இணைந்திருக்கும். ஆனால் அதன் பூக்கள் மிகச் சிறியவை, பெருங்கொத்தாகப் பூப்பவை. இலைக்காம்பின் அடியிலுள்ள செதிலின் விளிம்பும் சீப்பின் பற்களைப் போலப் பிளவுபட்டிருக்கும். பூ இல்லாத மாதங்களில் அந்தச் செதிலே நல்ல துணை. காய்த்திருந்தால் காட்டு முள்ளிப்பழச் செடியோடு குழப்பமும் வராது. அதன் பழம் சிறு மணிகள் சேர்ந்த திரள், ரோஜாவிலோ விதைகளை மூடிய ஒற்றை உருண்டை.

பதில் 3:
மதுரையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குளிர்ந்த மலைக்காற்றில் வளரும் இச்செடி அந்த வெயிலுக்கு ஏற்றதன்று. வெப்பத்தை விட முக்கியமானது அது நிற்கும் இடம். பள்ளங்களில் சோலையும் சரிவுகளில் புல்வெளியுமாக அமைந்த அந்த மலைகளில், இரண்டும் சந்திக்கும் விளிம்பில்தான் ஏறுவதற்கு மரமும் பூப்பதற்கு வெளிச்சமும் ஒருசேரக் கிடைக்கின்றன. தோல் பதனிடும் பட்டைக்காகப் புல்வெளிகளில் நடப்பட்ட வாட்டில் என்னும் சீகை மரங்கள் சோலை ஓரம்வரை நெருங்கி வளர்ந்த இடங்களில் அந்த விளிம்பே இல்லாமல் போகிறது; எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். ஆகவே, தயவுசெய்து காட்டிலிருந்து செடியையோ கிளையையோ எடுக்காதீர்கள். அனுமதியின்றிக் காப்புக்காட்டில் எடுப்பது சட்டப்படி குற்றமும் ஆகும். பூவையும் இலையடிச் செதிலையும் அருகிலிருந்து படமெடுத்து இங்கே பகிர்ந்தால், இனத்தை உறுதிசெய்ய அதுவே போதும்.