முள்ளின் கழுத்து மின்னை மறிக்கிறதா?

கருக்குமட்டை:
நேற்றுத் திருநெல்வேலியில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் தொடங்கிய வாதம் முடியாமல் நின்றுவிட்டது. அதை இங்கே கொண்டு வருகிறேன்.

மூளை நரம்புக்கலத்தின் கிளைகளை டென்ட்ரைட் என்கிறோம். அவற்றில் நெருக்கமாக முட்கள் நிற்கும். கொல்கி முறையில், அதாவது ஒருசில நரம்புக்கலங்களை மட்டும் கறுப்பாக்கும் முறையில், சாயமிட்ட துண்டு ஒன்றை நுணுக்குக்காட்டியில் பார்த்திருக்கிறேன். மஞ்சள் பின்னணியில் கறுத்த கிளை, இரண்டு பக்கமும் பனை மட்டையில் கருக்கு நிற்பது போல முட்கள். கிட்டப் பார்த்தால் கூர் இல்லை. உருண்டைத் தலை, அதைக் கிளையோடு பிடித்திருக்கும் மெல்லிய கழுத்து. இன்னொரு நரம்புக்கலத்தின் சைகை வந்து சேரும் சந்திப்பு, அதாவது சினாப்ஸ், பெரும்பாலும் அந்தத் தலையில்தான் இருக்கும். 1888இல் ஸ்பானிய ஆய்வாளர் கஹால் கோழியின் சிறுமூளையில் இவற்றைக் கண்டு சொன்னபோது, சாயத்தால் வந்த கோளாறு என்று ஒதுக்கியவர்களும் உண்டு.

என் கட்சி இதுதான்: கழுத்து அவ்வளவு ஒடுக்கமாக இருப்பதால் ஒவ்வொரு முள்ளும் மின்னளவில் ஒரு தனி அறை. தலையில் ஏறும் மின்னழுத்தத்தில் கொஞ்சம்தான் கிளைக்குப் போய்ச் சேரும்.

ஓம்விதி:
தங்கச்சி, ஒடுக்கம் என்று சொன்னால் போதாது, எண் போட்டுப் பார்ப்போம். உயர்தர வகுப்பில் நான் படிப்பிக்கிற அதே விதிதான்: தடை நீளத்துக்கு நேர்விகிதம், குறுக்குவெட்டுப் பரப்புக்கு நேர்மாறு. கழுத்தின் நீளம் 1 மைக்ரோமீற்றர், விட்டம் 200 நனோமீற்றர், உள்திரவத்தின் தடைத்திறன் 150 ஓம் சென்ரிமீற்றர் என்று எடுத்தால் கிட்டத்தட்ட 48 மெகாஓம் வரும். கிளைக்குள் இறங்கும் மின்னோட்டம் அங்கே சந்திக்கும் தடையை 100 மெகாஓம் என்று வைப்போம். அப்போது தலையில் ஏறும் மின்னழுத்தம் கிளையில் ஏறுவதைவிட ஒன்றரை மடங்குதான். இதை அறை என்று நான் சொல்லமாட்டேன், விறாந்தை.

கருக்குமட்டை:
சேர், உங்களுக்கு வசதியான விட்டத்தை எடுத்துவிட்டீர்கள். 50 நனோமீற்றர்க் கழுத்துகளும் இருக்கின்றன. விட்டம் நாலில் ஒன்றானால் தடை 16 மடங்கு, 760 மெகாஓமைத் தாண்டும். உங்கள் கணக்கிலேயே தலை கிளையைவிட எட்டு மடங்குக்கு மேல் ஏறும். 2012இல் ஹார்னெட், மகீ குழுவினர் எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் கண்டதும் 500 மெகாஓம் அளவுதான்.

ஓம்விதி:
1996இல் ஸ்வோபோடா குழுவினர், ஒளிரும் சாயம் கழுத்தால் பரவும் வேகத்தை வைத்துப் பார்த்தபோது 150 மெகாஓமுக்கு மேல் போகவில்லை. 2015இல் பொபோவிச் குழு, அழுத்தத்துக்கு ஏற்ப ஒளி மாறும் சாயத்தைக் கலத்துக்குள் ஏற்றி, முள்ளையும் அதன் அடிக்கிளையையும் சேர்த்தே பதிவு செய்தது. அவர்களுக்குச் சராசரியாகக் கிடைத்தது சில பத்து மெகாஓம். இன்னொன்றையும் கேட்கிறேன். கலவுடலில் எழும் துடிப்பு கிளை வழியே பின்னோக்கி ஓடி முள்ளுக்குள் வரும்போது அளவு குறைவதில்லை. கழுத்து மறிக்கிறது என்றால் அது ஏன் குறையவில்லை?

நீர்வேலித் தோட்டம்:
ஓம்விதி அண்ணை, அந்தக் கடைசிக் கேள்வி உங்கள் கட்சிக்கு உதவாது. வெங்காயப் பாத்தியை நினையுங்கள். பெரிய வாய்க்காலிலிருந்து ஒரு சின்னப் பாத்திக்கு ஒடுங்கிய வாய் வெட்டியிருக்கிறோம். நிலம் உறிஞ்சாது என்று வையுங்கள். பெரிய வாய்க்காலில் தண்ணீர் ஏறினால் பாத்தியும் அதே மட்டத்துக்கு வந்துவிடும், ஏனென்றால் அது நிறையக் கொஞ்சத் தண்ணீர் போதும். பாத்திக்குள் ஒரு வாளியை ஊற்றினால் கதை வேறு. ஒடுங்கிய வாயால் வடியும்வரை பாத்தியில் மட்டம் எழும்பும், பெரிய வாய்க்காலில் ஏறுவது தெரியவே தெரியாது. ஆனால் ஊற்றிய தண்ணீர் முழுக்க வாய்க்காலுக்குப் போய்ச் சேரும்.

முள்ளும் அப்படித்தான். தலையின் சவ்வில் கசிவு மிகக் குறைவு. அதனால் கிளையிலிருந்து வரும் அழுத்தம் குறையாமல் நுழையும். திரும்பிப் போகும்போது அழுத்தம் விழும், மின்னேற்றம் விழாது. உங்கள் கேள்வியை வைத்துக் கழுத்தின் தடை கூடவா குறையவா என்று தீர்க்க முடியாது.

ஓம்விதி:
சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன்.

கருக்குமட்டை:
அப்போ கல்சியம்? 1995இல் யூஸ்டேயும் டெங்கும் காட்டினார்களே, ஒரு தனி முள்ளில் மட்டும் கல்சியம் ஏறுவதை. அறை இல்லாமல் அது எப்படி?

ஓம்விதி:
இரசாயன அறை வேறு, மின் அறை வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது, மாணவர்களும் இதில்தான் குழம்புகிறார்கள். தலையின் மேற்பரப்பு ஒரு சதுர மைக்ரோமீற்றர் என்றால் கொள்ளளவம் ஒரு பிக்கோபரட்டில் நூறில் ஒரு பங்கு. நீங்கள் சொன்ன 500 மெகாஓமையே வைத்தாலும் நேரமாறிலி, அதாவது தலையின் மின்னழுத்தம் வடிய எடுக்கும் நேரத்தின் அளவு, 5 மைக்ரோசெக்கன்தான். கல்சியம் அயன்கள் அவ்வளவு விரைவாக வெளியே போகாது. பரவல் மெதுவானது, வழியில் புரதங்களும் பிடித்து வைக்கும்.

கருக்குமட்டை:
ஆனால் அந்தக் கல்சியம் நுழைய வழி விடுவதே தலையின் அழுத்தம் அல்லவா, சேர்? தலையின் சவ்வில் கல்சியத்தை உள்ளே விடும் வாசல்களில் ஒன்றான என்எம்டிஏ ஏற்பியின் வாயை அடைத்திருக்கும் மக்னீசியம் விலக வேண்டுமானால் அங்கே அழுத்தம் ஏற வேண்டும். கழுத்தின் தடை கூடினால், கிளை கவனிக்காத சின்னச் சைகைக்கே தலை அந்த மட்டத்தைத் தொடும். என் கட்சி இங்கேதான் உயிரோடு இருக்கிறது.

இன்னொன்று. 2014இல் டொன்னெசன் குழுவினர் ஒரு முள்ளின் சினாப்ஸைப் பலப்படுத்திவிட்டுப் பார்த்தார்கள். கழுத்து குட்டையாகி அகன்றது. கழுத்துத் தடை மாறுவது நினைவுக்கு வழியாக இருக்கலாம் என்று 1974இலேயே வில்பிரிட் ரால் சொன்னதை இது எனக்கு நினைவூட்டியது.

ஓம்விதி:
இது நல்ல இடம். அப்போ கழுத்துத் தடை எத்தனை என்று ஒரே எண்ணைக் கேட்டதில் நானும் அவசரப்பட்டிருக்கிறேன். ஞாயிறு வட்டத்துக்கு வருகிறேன். 50, 100, 200 நனோமீற்றர் மூன்றுக்கும் கணக்குப் போட்டுக் கொண்டு வருவேன். ஒரு சினாப்ஸின் கடத்துதிறனை எவ்வளவு என்று எடுப்பது என்பதை நீங்கள் பார்த்து வாருங்கள், அது இல்லாமல் தலையில் எத்தனை மில்லிவோல்ட் என்று சொல்ல முடியாது.