துணி மேலே பட்டுவிடக் கூடாது! – ஆப்பிரிக்க முகமூடி, சிலை அனுபவங்கள்

முந்திரிக்காரன்:
கொட்டைமுந்திரி வாங்குவதற்காக மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனின் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை அதன் தலைநகர் போர்ட்டோ நோவோவில் தெருவே ஒதுங்கி நின்றது. எகுன்குன் வருகிறதாம். யொருபா மக்களின் முன்னோர் திரும்பி வரும் கோலம் அது. தலையிலிருந்து கால்வரை துணி, முகத்தில் வலை. விரல்கூடத் தெரியவில்லை. சுற்றும்போது அடுக்கடுக்கான துணிப்பட்டைகள் குடைபோல விரிந்தன. படம் எடுக்க இரண்டடி முன்னே போனேன். டிரைவர் காலரைப் பிடித்து இழுத்தார். எகுன்குனோடு கம்பு பிடித்து வந்த ஆள் எனக்கு முன்னால் தரையில் ஓங்கித் தட்டினார். அந்தத் துணி பட்டால் உயிருக்கே ஆபத்து என்பது அங்குள்ள நம்பிக்கை. சுழலும்போது வரும் காற்று பட்டால் மட்டும் ஆசீர்வாதம்.

"உள்ளே யார்?" என்று அப்புறம் டிரைவரிடம் கேட்டேன். "யாரும் இல்லை. செத்தவர் வந்திருக்கிறார்" என்றார். அவர் வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்!

நியூஜெர்சிவாசி:
நான் பார்த்தது கண்ணாடிக்குப் பின்னால். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் மங்காக்கா என்ற மரச்சிலை, மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ மக்களுடையது. ஏறக்குறைய நாலடி உயரம், நெஞ்செல்லாம் ஆணியும் இரும்புத் துண்டும். அழகுக்கு அடித்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு சத்தியம், ஒரு பஞ்சாயத்து. வாக்கை மீறினால் சிலை தேடி வந்து தண்டிக்கும். ஆனால் சக்தி மரத்தில் இல்லை. ங்கங்கா எனப்படும் மந்திரவாதி மண், மூலிகை எல்லாம் சேர்த்து வயிற்றில் வைத்து அடைப்பார், அதுதான் உயிர். ஐரோப்பியர் கைக்குப் போகுமுன் பல சிலைகளில் அதை எடுத்துவிட்டார்களாம். சரி, வெறும் மரம்தானே என்று நகர முடியவில்லை. இந்த ஆணி கடனுக்கா, கொலைக்கா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். மகள் பசிக்கிறது என்று இழுத்துப் போனாள்.

அக்ரா மருமகள்:
இங்கே கானாவின் தலைநகர் அக்ராவில், கைவினைச் சந்தையில் ஹாலில் மாட்ட ஒரு முகமூடி வாங்கினேன், "ரொம்பப் பழசு" என்று சொன்னதை நம்பி. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் அதைப் பார்த்ததும், "யார் வீட்டுச் சாமியோ, கொண்டுபோய்க் கொடுத்துடும்மா" என்றார். திருப்பித் தரப் போனால் கடைக்காரர் சிரிக்கிறார்: "பயப்படாதீங்க மேடம், போன மாதம் செதுக்கியது. ஷூ பாலிஷ் போட்டுத்தான் இந்த நிறம்." பணத்தையும் தரவில்லை.

மாமியாரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அப்படியும் ராத்திரி படுக்கப் போகும்போது அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறார்.