லினக்ஸில் எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே அடியாக பாஸ்வேர்ட் மாற்றுவது எப்படி?

கேள்வி: கல்லூரி லேப் உபுண்டு சர்வரில் 120 மாணவர் கணக்குகள். புது செமஸ்டருக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், ஒவ்வொன்றாகத் தட்டினால் விடிந்துவிடும். வேறு வழி உண்டா?

பதில்: சிஎச்பாஸ்டபிள்யூடி (chpasswd) கட்டளை இதற்கென்றே இருக்கிறது. வரிக்கு ஒருவராக, பயனர்பெயர், கோலன் (:), பாஸ்வேர்ட் என்று இடைவெளி விடாமல் ஒரு கோப்பில் எழுதி, சூடோவோடு (sudo, நிர்வாகி அதிகாரத்தில் கட்டளையை ஓட்டுவது) அதை உள்ளீடாகக் கொடுங்கள்.

இன்னொரு பதில்: விண்டோஸில் பட்டியல் தயாரித்தீர்களா? அப்படியானால் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து பாஸ்வேர்டோடு ஒட்டிக்கொள்ளும், கட்டளை பிழை ஏதும் காட்டாது, ஆனால் ஒருவராலும் லாகின் ஆக முடியாது. முதலில் அந்த எழுத்தை நீக்கும் டாஸ்டுயுனிக்ஸ் (dos2unix) கட்டளையைக் கோப்பின் மேல் ஓட்டிவிடுங்கள்.

கேட்டவர்: சரி, மாணவர்களே பிறகு மாற்றிக்கொள்ள?

பதில்: ஒவ்வொரு கணக்குக்கும் ‘சேஜ் -டி 0’ (chage -d 0) கட்டளையைப் பயனர்பெயரோடு கொடுங்கள், அடுத்த லாகினிலேயே மாற்றச் சொல்லும். அப்புறம் அந்த பாஸ்வேர்ட் கோப்புக்கு 600 அனுமதி (உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும்) போதும், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.