புதுப்பிப்பு: மகளின் வழுக்கும் முடிக்கு ஏற்ற பின்னல் கிடைத்துவிட்டது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. மகளின் மெல்லிய முடியில் இரட்டைப் பின்னல் இன்டர்வலுக்குள் அவிழ்ந்துவிடுகிறது என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது, மட்டக்களப்பு அக்கா சொன்ன டச்சுப் பின்னல். முடியைக் கொஞ்சம் ஈரமாக்கி, நெற்றியிலிருந்தே மூன்று காலாக (புரியாக) பிரித்துத் தொடங்க வேண்டும். ஓரக் காலை நடுக்காலுக்கு மேலால் போடாமல் அடியால் எடுத்து, ஒவ்வொரு முறையும் பக்கத்து முடியிலும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டே போனால், பின்னல் தலையில் கயிறு போல எழும்பி நிற்கும். அவ்வளவு வடிவு! கொழும்பு வெக்கையில் வியர்க்க வியர்க்க ஓடி விளையாடியும் பள்ளி விடும்வரை குலையவில்லை.

எதிர்பாராதது ஒன்று: காதோரம் வலிக்குது என்றாள். அப்புறம் அந்த இடத்தில் மட்டும் தளர்த்திப் பின்னுகிறேன். தொடர்ந்து இறுக்கிப் பின்னினால் நெற்றியோர முடி உதிரும், கவனம்.