21 இலக்க எண்ணின் கடைசி ஆறு இலக்கங்கள் சுழியாக வருகின்றன: எங்கே பிழை?

தோட்டத்து அம்மா, சுங்கை சிப்புட்
வணக்கம். செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். மூன்றாம் படிவம் படிக்கும் என் மகள், பள்ளிக் கணிதக் கழகத்தில் பேசுவதற்கு 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் எண்ணை எடுத்திருக்கிறாள். 1644-இல் மெர்சேன் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அதைப் பகா எண் என்று பட்டியலிட்டார். 1903-இல் கோல் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அதை 193,707,721 × 761,838,257,287 என்று பிரித்துக் காட்டினார். மகள் அந்த இரண்டையும் கணினி விரிதாளில் பெருக்கினால் 147,573,952,589,676,000,000 வருகிறது. புத்தகத்திலோ கடைசி ஆறு இலக்கங்கள் 412,927. வெள்ளிக்கிழமை பேச வேண்டும், பிள்ளை அழுகிறாள். உதவுங்கள்.

கணித ஆசிரியை, ஈப்போ
அக்கா, அவள் தவறு எதுவும் செய்யவில்லை. விரிதாள் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும், மீதி இடங்களைச் சுழியால் நிரப்பிவிடும். கட்டத்தை அகலப்படுத்தினாலும் போன இலக்கங்கள் திரும்பி வரமாட்டா. 1-இல் முடியும் எண்ணை 7-இல் முடியும் எண்ணால் பெருக்கினால் விடை 7-இல்தான் முடிய வேண்டும். சுழியைக் கண்டதுமே சந்தேகப்பட்டாளே, கெட்டிக்காரப் பிள்ளை!

பழைய கிராணி
அம்மா, சம்பளப் பேரேட்டில் பெரிய கணக்கை நாங்கள் உடைத்துத்தான் போடுவோம். இரண்டாவது எண்ணை 761, 838, 257, 287 என்று வெட்டிக்கொள்ளுங்கள். வலமிருந்து தொடங்க வேண்டும். 193,707,721-ஐ 287-ஆல் பெருக்கினால் 55,594,115,927. கடைசி 927-ஐத் தாளின் வலது ஓரத்தில் எழுதிவிட்டு, மிச்சம் 55,594,115-ஐக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து 257-ஆல் பெருக்கி, கையில் உள்ளதைக் கூட்டினால் 49,838,478,412. அந்த 412-ஐ 927-க்கு இடப்பக்கம் எழுதுங்கள். 838-க்கும் 761-க்கும் இதே முறைதான். எந்தக் கட்டத்திலும் 12 இலக்கத்தைத் தாண்டாது, ஆகவே விரிதாளிலேயே போடலாம்.

கணித ஆசிரியை, ஈப்போ
ஐயா சொன்ன வழியே சிறந்தது. விடையைச் சரிபார்க்க, 1001-ஆல் வகுத்தால் வரும் மீதியைப் பார்க்கலாம். அதற்கு வகுக்கவே வேண்டாம். எண்ணை வலமிருந்து மும்மூன்றாக வெட்டி, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்ட வேண்டும். முதல் எண்ணுக்கு 721 − 707 + 193 = 207. இரண்டாவதற்கு 287 − 257 + 838 − 761 = 107. இவற்றின் பெருக்கம் 22,149. அதையும் அப்படியே வெட்டினால் 149 − 22 = 127. புத்தகத்து எண்ணை வெட்டினால் 1,128 வரும், 1,001 போக அதுவும் 127. இது பொருந்தாவிட்டால் பெருக்கலில் நிச்சயம் பிழை. பொருந்தினால் மட்டும் முழு உறுதி ஆகிவிடாது, ஐயாவின் பெருக்கலையும் போட்டுப் பார்க்கட்டும்.

தோட்டத்து அம்மா, சுங்கை சிப்புட்
குலைக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் போட்டோம். நான்காவது பெருக்கலில் 147,411,575,681 என்று எழுதி நிறுத்திவிட்டாள். கையில் இருந்த 162,376,908-ஐக் கூட்ட மறந்திருந்தாள். கூட்டியதும் 147,573,952,589 வந்தது. வலது ஓரத்தில் 676, 412, 927 ஏற்கெனவே காத்திருந்தன. ஐயா, டீச்சர், இருவருக்கும் மிக்க நன்றி. வெள்ளிக்கிழமை நாலு பெருக்கலையும் வெண்பலகையில் போட்டுக் காட்டப் போகிறாளாம்.