மாம்பழச் சீசனில் பயிற்சிக்கு வந்த மாணவி

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலை நடத்துகிறவர்களுக்கு ஆண்டுதோறும் கல்லூரிகளிலிருந்து பயிற்சி கேட்டுக் கடிதங்கள் வரும். எங்கள் ஆலைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை டிசம்பரில் பத்துப் பதினைந்து மாணவர்களை அனுப்புவதாகச் சொல்லும். டிசம்பரில் இங்கே ஒரு பழம்கூட இருக்காது. கூழுக்கு நாங்கள் வாங்கும் பெங்களூரா ரக மாங்காய் மே மாதக் கடைசியில் வரத் தொடங்கி, ஜூன், ஜூலையில்தான் குவியும். மற்ற மாதங்களில் வருகிற பிள்ளைகள் கழுவித் துடைத்து வைத்த எஃகுத் தொட்டிகளைப் பார்த்துவிட்டுச் சான்றிதழோடு திரும்புகிறார்கள். அதற்குப் பயிற்சி என்று பெயரிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சென்ற சீசனில், உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் பென்னாகரம் பக்கத்து மாணவி ஒருவர் தாமாகவே எழுதிக் கேட்டு ஜூன் மாதத்தில் வந்தார். அவரைப் பிரிவு பிரிவாகச் சுற்றிக் காட்டாமல், எங்களுக்கே விடை தேவைப்பட்ட ஒரு வேலையை அவரிடம் ஒப்படைத்தோம். பெங்களூரா கூழில் பிரிக்ஸ் (கரைந்துள்ள சர்க்கரையைக் காட்டும் அளவு) 14-க்குக் குறையக் கூடாது என்று வாங்குகிறவர்கள் கேட்பார்கள். சில நாட்களில் எங்கள் கூழ் அதற்குக் கீழே இறங்கிவிடும். பழுக்க வைக்கும் அறையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து, எந்த மண்டியிலிருந்து வந்த காய், எந்த நாளில் அறைக்குள் போனது என்பதோடு சேர்த்து எழுதி, காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னோம்.

காலையில் அவர் பழத்தைப் பிழிந்து, இரண்டு சொட்டுச் சாற்றை, பிரிக்ஸ் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்தின் பக்கம் பிடித்துப் படிப்பார். ஒவ்வொரு முறையும் காய்ச்சி வடித்த நீரால் துடைத்த பிறகே அடுத்த சொட்டை விடுவார். அந்தப் பொறுமையை நாங்கள் கற்றுத் தரவில்லை. அது அவருடன் வந்தது.

அளவுகள் சேரச் சேர, குறைவான பிரிக்ஸ் காட்டியவை காற்றில் உதிர்ந்த காய்களும் முற்றுவதற்கு முன்பே பறித்த காய்களும்தான் என்பது தெரிந்தது. முற்றாத காயில் சர்க்கரையாக மாறுவதற்குப் போதிய மாவுச்சத்து இருக்காது. எத்தனை நாள் அறையில் வைத்தாலும் தோல் மஞ்சளாகுமே தவிர இனிப்பு ஏறாது.

இதைப் பழம் தரம் பிரிக்கும் அக்காக்களில் மூத்தவர் எப்போதோ அறிந்திருந்தார். (தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டே வேலை செய்கிற அவர்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.) "பாரு கண்ணு, காம்பைச் சுத்தித் தோள் எழும்பவே இல்லை. இது வயசு ஏறாத காய்" என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். மாணவி உடனே அதை ஒரு வாளித் தண்ணீரில் போட்டார், மிதந்தது. தோள் எழும்பிய இன்னொரு காயைப் போட்டார்; மூழ்கியது. "முத்துன காய்தான் மூழ்கும் அக்கா, எங்க பாடத்துல இருக்கு" என்றபோது, அந்த அக்கா மேலும் நான்கைந்து காய்களை ஆசையோடு எடுத்து வந்து வாளியில் போட்டுப் பார்த்தார். இப்போது லாரியில் சரக்கு இறங்கும் முன் வாசலிலேயே சில காய்களைத் தண்ணீரில் போட்டுப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

வருத்தம் ஒன்று உண்டு. அவருடைய கல்லூரியிலிருந்து வழிகாட்டி ஆசிரியர் ஒரு நாளும் வந்து பார்க்கவில்லை. முடிவில் கையெழுத்துக்காக ஒரு படிவம் மட்டும் வந்தது. வேலை கொடுக்கிற எங்களுக்கு எந்த அளவு கடமை இருக்கிறதோ, அதே அளவு அனுப்புகிறவர்களுக்கும் இருக்கிறது.

இந்த ஆண்டு பயிற்சி கேட்டு எழுதிய கல்லூரிகளுக்கு இப்படிப் பதில் எழுதியிருக்கிறோம்: ஜூனில் மட்டும், இருவர் மட்டும் வரலாம். உதவித்தொகையும் மதிய உணவும் பேருந்துச் செலவும் எங்களுடையவை. இரவு ஷிப்டிலும் பாய்லர் அறையிலும் மாணவர்களுக்கு வேலை கிடையாது. ஆசிரியர் ஒரு முறையாவது நேரில் வந்து, மாணவர் எழுதும் பதிவேட்டைப் படித்துப் பார்க்க வேண்டும்.